ஆறு புள்ளிகள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரம், எங்கள் வகுப்பு மாணவியர் 20 பேரை அருட்சகோதரி ஒருவர் பார்வையற்ற சிறுமியர் இல்லம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். கையில் கேக்கும், பழங்களும், பாட்டு எழுதிய தாள்களும் கொண்டு போனோம். மாலை ஆறரை மணியிருக்கும். மூன்றாவது பாட்டின் நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது. இருட்டில் தாளைப் பார்க்க முடியாமல் எங்கள் குரல்கள் ஒவ்வொன்றாய் அடங்கின. ஏன் பாட்டை நிறுத்திவிட்டீர்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள். விளக்கு அணைந்துவிட்டது என்றோம். அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதல் வரிசையில் என் வயதொத்த பெண் ஒருத்தி மடியில் பெரிய புத்தகம் ஒன்றை விரித்து, அதில் புள்ளி புள்ளியாக இருந்த பாட்டை விரலால் தடவி, எங்களுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தாள். மின்சாரம் திரும்பி வரும்வரை நாங்கள் அவள் சொல்லச் சொல்லப் பாடினோம்.

கொடுக்கப் போனவர்கள் நாங்கள். அன்று வாங்கிக்கொண்டு வந்தவர்களும் நாங்களே. வீட்டிற்கு வந்தபின் அந்தப் புள்ளிகளை உண்டாக்கியவர் யார் என்று அறிய ஆவல் கொண்டேன். பள்ளி நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடிப் படித்தேன். தோழியரே, அந்த மனிதர் தம் எழுத்து முறைக்கு உருவம் கொடுத்தபோது அவருக்கு வயது 15. நம் வயது! அதைப் படித்த அன்று இரவு, அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 31 மதிப்பெண் வாங்கிய நான், வடிவியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவர் பெயர் லூயி பிரெயில். பிரான்ஸ் நாட்டுத் தலைநகரான பாரிசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்று ஒரு சிற்றூர். அங்கே 1809-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை சிமோன் ரெனே பிரெயில், குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைக்கும் தொழிலாளி. தாய் மோனிக். நான்கு குழந்தைகளில் லூயியே கடைக்குட்டி. வீட்டை ஒட்டியே தந்தையின் பட்டறை. தோல் வாசனையும், சுத்தியல் ஓசையும், சுவரில் வரிசையாகத் தொங்கும் கருவிகளும் நிறைந்த அந்த இடத்தில்தான் குழந்தை விளையாடும்.

1812-ஆம் ஆண்டு. குழந்தைக்கு வயது மூன்று. தந்தை அருகில் இல்லாத வேளையில் தோலைத் துளையிடும் கூரிய கருவி ஒன்றை எடுத்து, அப்பாவைப் போலவே தானும் தோலில் குத்திப் பார்த்தது. கருவி வழுக்கிக் கண்ணில் பாய்ந்தது. புண்ணில் சீழ் பிடித்தது. கிருமிகளைப் பற்றியோ, அவற்றைக் கொல்லும் மருந்துகளைப் பற்றியோ யாரும் அறியாத காலம் அது. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயது நிறைவதற்குள் இரண்டு கண்களும் முற்றிலும் ஒளியிழந்தன. எப்போதும் ஏன் இருட்டாகவே இருக்கிறது என்று அந்தக் குழந்தை பெற்றோரைக் கேட்டதாக எழுதியிருக்கிறார்கள். என் தம்பிக்கு இப்போது நான்கு வயது. அந்த வரியை நான் இருமுறை படிக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஏழைக் குடும்பத்தில் கண்ணிழந்த பிள்ளைக்கு மீதமிருந்தது பெரும்பாலும் பிச்சைப் பாத்திரம் ஒன்றுதான். லூயியின் பெற்றோர் அப்படி விட்டுவிடவில்லை. தந்தை அவனுக்குக் கைத்தடி செய்து கொடுத்தார். தடியால் தட்டித் தட்டி ஊர் வழிகளை அவன் கற்றுக்கொண்டான். வீட்டு வேலைகளிலும் பட்டறை வேலைகளிலும் அவனுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கினார்கள். பலகையில் ஆணிகளை அடித்து எழுத்துகளின் வடிவத்தைத் தந்தை தொட்டுக்காட்டினார் என்றும் சொல்வார்கள். ஊரின் பங்குத் தந்தையான பலுயி அடிகளார் அவனைத் தம்மிடம் வரவழைத்துக் கதைகளும் பாடங்களும் சொல்லிக்கொடுத்தார். பின்பு அவரே ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் பேசி, மற்றப் பிள்ளைகளோடு அவனையும் உட்காரவைத்தார். பாடங்களைக் காதால் கேட்டு மனத்தில் பதித்து, கண்ணுள்ள பிள்ளைகளை அவன் முந்தினான். ஆனால் மற்றவர்கள் புத்தகத்தைத் திறக்கும் நேரம் வந்தால் அவன் சும்மா இருக்கவேண்டியதாயிற்று.

பாரிசில் பார்வையற்ற சிறுவர்களுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. உலகிலேயே அத்தகைய முதற் பள்ளி அதுதான். அதைத் தொடங்கியவர் வாலன்டின் ஹயூய் என்ற அறிஞர். 1771-ஆம் ஆண்டு பாரிசில் ஒரு சந்தையில், பார்வையற்றவர்கள் சிலருக்குக் கோமாளி உடை அணிவித்து, பெரிய அட்டைக் கண்ணாடிகளை மாட்டி, இசைக் கருவிகளைக் கையில் கொடுத்து, கூட்டம் கைகொட்டிச் சிரிக்க நிறுத்தியிருந்ததை அவர் கண்டார். அந்தக் காட்சியின் வேதனை அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அவர்களைப் படிக்கவைத்தே தீருவேன் என்று அன்று எண்ணியவர், 1785-இல் பள்ளியை நடத்தத் தொடங்கிவிட்டார். சாதாரண எழுத்துகளையே பெரிதாக வார்த்து, ஈரத் தாளில் அழுத்தி, மேடாக எழும்பச் செய்து, விரலால் தடவிப் படிக்கும் புத்தகங்களை அவரே செய்தார்.

இந்தப் பள்ளியில் பங்குத் தந்தை முதலானோரின் முயற்சியால் லூயிக்கு உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. 1819-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பத்து வயதுச் சிறுவன் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பாரிஸ் போய்ச் சேர்ந்தான். பள்ளிக் கட்டடம் மிகப் பழையது. பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறைச்சாலையாகவும் இருந்தது. ஈரம் கசியும் சுவர்கள், குறுகிய படிக்கட்டுகள், நல்ல காற்றுக்கு வழியில்லாத அறைகள். பிற்காலத்தில் அவர் உயிரைக் கொண்டுபோன காசநோய்க்கு இந்த ஈரச்சுவர்களே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள்.

ஹயூயின் புத்தகங்களில் லூயி படித்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் பெரிது. ஒரு சொல்லைப் படித்து முடிப்பதற்குள் அதன் முதல் எழுத்து மறந்துபோகும். ஒரு புத்தகத்தைத் தூக்கவே பலம் வேண்டும். பள்ளி முழுவதற்கும் அத்தகைய புத்தகங்கள் சிலவே இருந்தன. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த முறையில் படிக்கலாமே தவிர, எழுத முடியாது. மாணவன் தன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதவேண்டுமானால் கண்ணுள்ள ஒருவரிடம் சொல்லித்தான் எழுதவேண்டும். அவன் மனத்தில் இருப்பதை இன்னொருவர் அறியாமல் அவனால் சொல்ல முடியாது. விடுதியில் தங்கிப் படிக்கும் நம் தோழியருக்கு இதன் துன்பம் நன்கு விளங்கும்.

1821-ஆம் ஆண்டு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவரான சார்ல் பார்பியே என்பவர், தாம் கண்டுபிடித்த ஒரு முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தாளில் கூரிய ஊசியால் குத்தி, மேடான புள்ளிகளால் எழுதும் முறை அது. லூயிக்கு அப்போது வயது 12. புள்ளிகளைத் தொட்ட கணத்திலேயே விரல் விரும்புவது கோட்டையன்று, புள்ளியையே என்று அவனுக்குப் புலப்பட்டது. ஆனால் பார்பியேயின் முறையிலும் குறைகள் இருந்தன. ஓர் அடையாளத்திற்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டும். விரல் நுனிக்குள் அது அடங்காது. மேலும் கீழும் தடவிப் பார்க்கவேண்டும். அது எழுத்துகளைக் குறிக்காமல் ஒலிகளையே குறித்தது. ஆகவே பிழையின்றி எழுதக் கற்க வழியில்லை. நிறுத்தக் குறிகள் இல்லை, எண்கள் இல்லை, இசைக் குறிகளும் இல்லை. சிறுவன் இந்தக் குறைகளை எடுத்துச் சொன்னபோது, அந்தப் பெரியவர் அவற்றை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை.

இங்கிருந்துதான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. பகலில் வகுப்புகள், இசைப் பயிற்சி, கைத்தொழில். ஆகவே லூயிக்குக் கிடைத்தது இரவு மட்டுமே. விடுதியில் எல்லாரும் உறங்கியபின் படுக்கையில் அமர்ந்து, பலகையை மடியில் வைத்துப் புள்ளிகளைக் குத்தினான். இருட்டு அவனுக்கு ஒரு தடையே அன்று. விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் தாளும் பலகையும் ஊசியும் கூடவே போயின. மூன்று ஆண்டுகள் இப்படியே சென்றன. எத்தனை அமைப்புகளைச் செய்து பார்த்தான், எத்தனையைத் தள்ளினான் என்று கணக்கு வைத்தவர் இல்லை. அவன் கையில் இருந்த ஊசியை நினைத்துப் பாருங்கள். அவன் கண்களைப் பறித்த கருவியும் அதே சாதிதான்!

1824-ஆம் ஆண்டில் முறை உருவாகிவிட்டது. பன்னிரண்டு புள்ளிகள் ஆறாயின. இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று, வலப்பக்கம் மூன்று. விரல் நுனியை ஒருமுறை வைத்தால் ஆறும் அதற்குள் அடங்கும். இந்த ஆறில் சிலவற்றை எழுப்பியும் சிலவற்றை விட்டும் 63 அடையாளங்கள் செய்யலாம். அடுக்கிய விதமும் அழகானது. முதல் பத்து எழுத்துகளும் மேலே உள்ள நான்கு புள்ளிகளுக்குள் அடங்கும். அதே பத்தோடு கீழே இடப்பக்கப் புள்ளியைச் சேர்த்தால் அடுத்த பத்து எழுத்துகள். கீழ்ப் புள்ளிகள் இரண்டையும் சேர்த்தால் அதற்கடுத்தவை. ஆகவே பத்தைக் கற்றவர் பாதிக்குமேல் கற்றவர் ஆகிறார். ஆங்கிலத்தில் உள்ள டபிள்யூ என்ற எழுத்துக்குப் பிரெஞ்சு மொழியில் அன்று வேலை இல்லாததால் அந்த வரிசையில் அதற்கு இடம் இல்லை. பின்னால்தான் அது சேர்க்கப்பட்டது. இன்றும் அந்த எழுத்து மட்டும் வரிசைக்குப் பொருந்தாமல் தனித்து நிற்பதைக் காணலாம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? பாட்டுச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணைப் பார்க்கப் பொங்கல் விடுமுறையில் அருட்சகோதரியுடன் மறுபடியும் போனேன். அவள் தன் பிரெயில் பலகையையும் எழுதும் ஊசியையும் என் கையில் கொடுத்து, அம்மா என்று எழுதச் சொன்னாள். தமிழ் அகரத்துக்கு ஒரே புள்ளி, இடப்பக்கம் மேலே. அடுத்து மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஓர் அடையாளம். நாம் தலைமேல் வைக்கும் புள்ளி அங்கே எழுத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. பிறகு மகரம், மறுபடியும் மகரம், இறுதியில் ஆகாரம். ஐந்து கட்டங்கள், பதினொரு புள்ளிகள். நான் வெகு கவனமாக இடமிருந்து வலமாகக் குத்தி முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் விரலை வைத்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். தாளின் பின்புறம் குத்துவதால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றி எழுதவேண்டுமாம். நான் எழுதியது தமிழே அன்று! நான்காம் முறைதான் என் அம்மா அம்மாவாக வந்தாள். ஐந்து கட்டங்களுக்கு எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அவள் பேசிக்கொண்டே ஒரு பக்கத்தை முடித்திருந்தாள்.

மீண்டும் லூயியிடம் வருவோம். பெரும்பாலான புத்தகங்கள் 15 வயதில் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் புகழ்பெற்றார் என்று முடித்துவிடுகின்றன. நானும் முதலில் அப்படியே நம்பினேன். விவரமாகப் படித்தபோது அது சரியன்று என்று தெரிந்தது. 15 வயதில் அவர் முடித்தது தொடக்கத்தை மட்டுமே. அதற்குப்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த 28 ஆண்டுகளே எனக்கு மிகப் பெரியவையாகத் தோன்றுகின்றன.

பள்ளி மாணவர்கள் புதிய முறையை உடனே பற்றிக்கொண்டார்கள். பாடக் குறிப்பு எழுதினார்கள், ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். அப்போதைய தலைமையாசிரியர் பின்யே அதை ஆதரித்தார். லூயியும் அதே பள்ளியில் துணையாசிரியராகி, 1833-இல் முழு ஆசிரியரானார். இலக்கணமும், பூகோளமும், கணக்கும், இசையும் கற்பித்தார். 1829-ஆம் ஆண்டு தம் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். புள்ளிகளால் சொற்களையும் இசையையும் எழுதும் வகையைச் சொல்லும் அந்த நூல், பழைய மேட்டெழுத்துகளிலேயே அச்சாகவேண்டியிருந்தது. அந்த நூலில் பார்பியே செய்த உதவியை மறவாமல் குறிப்பிட்டார். தமக்கு முன் வழி காட்டியவரை அவர் எந்நாளும் மறைத்ததில்லை.

அந்த நூலோடு அவர் திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் அடையவில்லை. முதற் பதிப்பில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் கலந்திருந்தன. மாணவர்கள் எழுதும்போதும் படிக்கும்போதும் கோடுகள் இடையூறு செய்வதை ஆசிரியராக இருந்து கவனித்தார். தாமே செய்ததைத் தாமே திருத்தினார். 1837-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கோடுகள் நீங்கிப் புள்ளிகளே நின்றன. எட்டு ஆண்டுகள் காத்திருந்து, சோதித்துச் சோதித்துச் செய்த திருத்தம். எங்கள் கட்டுரை நோட்டில் ஆசிரியை சிவப்பு மையால் ஒரு சொல்லைத் திருத்தினாலே நாங்கள் முகம் வாடிப்போகிறோம்.

அதோடும் நிற்கவில்லை. பார்வையற்றவர் பார்வையுள்ள தம் வீட்டாருக்கு எழுத வேண்டாமா? பெற்றோருக்குப் புள்ளி எழுத்துப் படிக்கத் தெரியாதே! 1839-இல் அதற்கும் ஒரு முறை வகுத்தார். சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் அமைக்கும் வழி அது. கண்ணால் பார்த்துப் படிக்கலாம். ஆனால் ஓர் எழுத்துக்குப் பல புள்ளிகள் குத்தவேண்டியிருந்ததால் நேரம் பிடித்தது. பார்வையற்ற நண்பரான பூக்கோ என்பவர் 1841-இல் அதற்கு ஓர் இயந்திரமே செய்துகொடுத்தார். தட்டச்சுப் பொறிக்கு முன்னோடி என்று அதைச் சொல்வார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே அவர் சிறந்த இசைக் கலைஞராகவும் விளங்கினார். பாரிஸ் நகரத் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தார். அதில் கிடைத்த ஊதியம் பெரும்பாலும் பிறருக்கே போயிற்று. ஏழை மாணவர்களுக்குத் தாளும் பலகையும் வாங்கிக்கொடுப்பார். கடன் கேட்டால் கொடுப்பார். நண்பர்களிடம் அதிகம் பேசாதவர், ஆனால் கேட்டவர்க்கு இல்லை என்னாதவர் என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

26 வயதளவில் காசநோயின் அறிகுறிகள் தோன்றின. அந்நாளில் அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. இருமல் மிகும்போது கூவ்ரே சென்று ஓய்வெடுப்பார், சற்றுத் தேறியதும் வகுப்புக்குத் திரும்பிவிடுவார். உரக்கப் பேசிப் பாடம் நடத்தும் வலிமை குறையக் குறைய வேலையைக் குறைத்துக்கொண்டார். வெறுமனே மட்டும் இருந்ததில்லை.

உடல் தளர்ந்த இந்த வேளையில்தான் பெரிய அடி விழுந்தது. 1840-இல் பின்யே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப்பின் வந்த துஃபோ என்பவருக்குப் புள்ளி எழுத்தில் விருப்பமில்லை. பார்வையுள்ளவர்கள் படிக்கும் எழுத்து ஒன்று, பார்வையற்றவர்கள் படிக்கும் எழுத்து வேறொன்று என்று இருந்தால், பார்வையற்றவர்கள் உலகத்தைவிட்டுத் தனித்துப் போவார்கள் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயம்போலவே இருக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாதத்தைச் செய்தவர் ஒருநாளும் விரலால் படித்தவர் அல்லர். அவர் புதிய மேட்டெழுத்து முறையைக் கொண்டுவந்தார். பழைய புத்தகங்கள் எரிக்கப்பட்டன என்று வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள். வகுப்பறையில் புள்ளி எழுத்துக்கு இடம் இல்லாமற் போயிற்று.

தாம் உருவாக்கிய முறையைத் தாம் கற்பிக்கும் பள்ளியிலேயே கற்பிக்கக் கூடாது என்றால் ஒருவருக்கு எப்படி இருக்கும்! வேறு யாராயினும் கோபித்து விலகியிருப்பார்கள். லூயி விலகவில்லை. சண்டையிட்டதாகவும் செய்தி இல்லை. தம் வேலையைத் தொடர்ந்தார். மாணவர்களும் விடவில்லை. மறைவாகப் பலகையும் ஊசியும் வைத்துக்கொண்டு எழுதினார்கள், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்றுக்கொடுத்தார். கட்டாயத்தின்பேரில் ஒரு மொழியைப் படிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தடுத்தும் கேளாமல் படித்த பிள்ளைகளைப் பற்றி நான் அப்போதுதான் படித்தேன்.

அதைக் கண்ட துணைத் தலைமையாசிரியர் குவாதே மனம் மாறினார். பிள்ளைகள் எதை விரும்பித் தேடுகிறார்களோ அதைத் தடுப்பது வீண் என்று துஃபோவிடம் எடுத்துரைத்தார். துஃபோவும் இறுதியில் இணங்கினார். அவரைக் குறை சொன்ன நான் இதையும் சொல்லவேண்டும்: தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவருக்கும் மனம் இருந்தது. 1844-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழா நடந்தது. ஈரச்சுவர்கள் இல்லாத நல்ல கட்டடம். லூயியின் நுரையீரலுக்கு அது காலங்கடந்து வந்தது. விழாவில் கூடியிருந்தோர் முன்னிலையில் குவாதே புள்ளி எழுத்தின் வரலாற்றைச் சொல்லி, அதை ஆக்கியவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். மாணவர்கள் எழுதியும் படித்தும் காட்டினார்கள். சபையில் அமர்ந்து லூயி அதைக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 35. முறை பிறந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1851-ஆம் ஆண்டு டிசம்பரில் நோய் முற்றி இரத்தம் கக்கினார். நோயாளிகளின் அறையில் படுத்தபடியே தம் உடைமைகளை யார் யாருக்குத் தரவேண்டும் என்று எழுதிவைத்தார். உறவினரை மறக்கவில்லை, தம் அறையைத் துப்புரவு செய்த பணியாளரையும் மறக்கவில்லை. இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்றுக்கொண்டு, 1852-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, உயிர் நீத்தார். 43-ஆம் பிறந்த நாள் கழிந்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. அவர் விட்டுச்சென்றவற்றுள் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதைத் திறவாமலே எரித்துவிடவேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆவல் தாங்காமல் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தவை மாணவர்கள் அவரிடம் வாங்கிய கடனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டுகள். அவர் விருப்பப்படியே அவை நெருப்பில் இடப்பட்டன.

அவர் மறைவுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1854-இல், அந்தப் பள்ளி அவர் முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது. இரண்டே ஆண்டுகள்! அதை அவர் கேட்டிருக்கலாகாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இதை வீட்டில் சொன்னபோது என் பாட்டி வேறொன்று கேட்டாள்: 15 வயதிலேயே நண்பர்கள் அவருக்குப் புள்ளியில் கடிதம் எழுதினார்கள் அல்லவா, அதற்குமேல் அவருக்கு என்ன வேண்டும்? எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

1878-இல் பாரிசில் கூடிய மாநாடு ஒன்று அவர் முறையைப் பரிந்துரைத்தது. நாடு நாடாக அது பரவியது. நம் நெல்லைச் சீமைக்கும் விரைவிலேயே பார்வையற்றோர் கல்வி வந்துவிட்டது. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளி அதற்குச் சான்று. ஆனால் இந்தியாவில் வெவ்வேறு மொழிக்கு வெவ்வேறு அமைப்புகள் வழங்கிவந்தன. 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொது அமைப்பு ஏற்பட்டது. அதன்படி தமிழ்க் ககரமும் இந்திக் ககரமும் விரலுக்கு ஒன்றே. லூயியின் 200-ஆம் பிறந்த ஆண்டான 2009-இல் நம் அரசு அவர் உருவத்துடன் இரண்டு ரூபாய் நாணயம் வெளியிட்டது. என் தாத்தாவின் டப்பாவில் அப்படி ஒன்று கிடந்தது. அது யார் என்று தெரியாமலே இத்தனை நாள் வைத்திருந்தாராம். இன்று கணினியோடு இணைத்து, புள்ளிகள் தாமே எழுந்து தாழும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றில் வேலைக்கு உதவியாகப் புள்ளிகள் எட்டாகியிருக்கின்றன. ஆயினும் மேலே உள்ள ஆறும் அதே ஆறுதான்.

லூயியின் உடலை முதலில் கூவ்ரே ஊர்க் கல்லறையிலேயே அடக்கம் செய்திருந்தார்கள். 1952-ஆம் ஆண்டு, அவர் மறைந்த நூறாம் ஆண்டில், பிரான்ஸ் நாட்டின் மாபெரும் மனிதர்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்திற்கு அதைக் கொண்டுசெல்ல அரசு முடிவு செய்தது. அந்த விழாவுக்கு அமெரிக்காவிலிருந்து ஹெலன் கெல்லர் அம்மையாரே வந்திருந்தார். பல நாடுகளிலிருந்தும் பார்வையற்றவர்கள் வெண்கோல்களுடன் ஊர்வலத்தில் நடந்தார்கள். ஆனால் கூவ்ரே மக்கள் முழுவதையும் கொடுக்க மனம் ஒப்பவில்லை. தங்கள் ஊர்ச் சேணக்காரர் மகன் அல்லவா? ஆகவே உடல் பாரிசுக்குச் சென்றது. கைகள் இரண்டு மட்டும் ஒரு சிறு பேழையில் வைக்கப்பட்டு, இன்றும் கூவ்ரேயிலுள்ள பழைய கல்லறையின்மேல் இருக்கின்றன.